மறந்தாரை மறவாத ஊர்

மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் கூடல்நகரையும் சமயநல்லூரையும் கடந்துவிட்டால், நகரத்தின் நெருக்கம் பின்தங்கிப் பசுமை நம்மை எதிர்கொள்கின்றது. நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வருகின்றன. மதுரைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், வைகையாற்றின் கரையில் அமைந்த சோழவந்தானில் நாம் இறங்கினோம். ஊர் சிறியது; புகழோ பெரியது. வெற்றிலை என்றதும் மதுரைச் சீமையில் முதலில் நாவில் வரும் பெயர் இதுவே. 2023-ஆம் ஆண்டு சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்கரையிலுள்ள தென்கரை, பாடகரும் நடிகருமான டி. ஆர். மகாலிங்கம் பிறந்த ஊர். ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா சுற்றுவட்டாரம் முழுவதையும் இங்கே கூட்டிவிடும். அருகிலுள்ள வாடிப்பட்டியின் ஆரோக்கிய அன்னை திருத்தலத்தை நம் மக்கள் நன்கறிவர்.

கொடிக்கால் ஒன்றினுள் நுழைந்தோம். வெளியே வெயில் எரித்தது. உள்ளே நிழலும் ஈரமுமாக இருந்தது. வெற்றிலைக் கொடி தானாக நிற்க வல்லதன்று. ஆகவே முன்னதாகவே அகத்தியை வளர்த்து, அதன்மீது கொடியை ஏற்றுகின்றனர். கொடி உயர உயர மீண்டும் மீண்டும் கட்டிக் கொடுக்கின்றனர். இறுக்கிக் கட்டினால் தண்டு நலிந்துவிடும். கட்டாமல் விட்டாலோ கொடி சாய்ந்துவிடும். நிழல் குறைந்தாலும் கேடு, நீர் குறைந்தாலும் கேடு. தொலைவிலிருந்து மேற்பார்வையிட்டு வளர்க்கக்கூடிய பயிரன்று இது. நாள்தோறும் அருகே போய் நின்று பார்ப்பவருக்கே கைகொடுக்கும்.

நாம் இவ்வூருக்கு வந்தது வெற்றிலையைப் பற்றி எழுதுவதற்காக அன்று. இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் ஒரு வினாவுக்கு விடை தேடியே வந்தோம். நினைவு மங்கிப்போன தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், அந்த இல்லம் நல்லதா என்பதை எதைக் கொண்டு அறிவது?

தெருவே ஒரு காப்பகம்

முதுமை மறதி நோய் என்றும் டிமென்ஷியா என்றும் சொல்லப்படும் இந்நோய், வயதானால் வரும் சாதாரண மறதி அன்று. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவி எதற்கு என்றே விளங்காமற் போவது நோய். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமானோர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. ஆடவரைவிடப் பெண்டிரிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு காட்டிற்று. ஆகவே இது பட்டணத்து நோய் என்று எவரும் ஒதுங்கிவிட இயலாது.

சோழவந்தான் போன்ற ஊரில் இந்நோய் கண்டவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வழி மறந்து கடைத்தெருவில் நிற்கும் மூதாட்டியைப் பூக்கடைக்காரர் அறிவார். தேநீர்க் கடைக்காரர் அறிவார். பள்ளி விட்டு வரும் பிள்ளையும் அறியும். "அப்பத்தா, வீடு இந்தப் பக்கம், வாங்க" என்று யாராவது கைப்பிடித்து அழைத்து வந்துவிடுவர். அவர் யார், யாருக்கு வாழ்க்கைப்பட்டவர், எந்தக் கொடிக்காலில் வேலை செய்தவர் என்பதெல்லாம் அவருக்கே மறந்துபோயிருக்கலாம், ஊருக்கு மறக்கவில்லை. மனிதர் தம்மை மறந்த பின்னும் அவருக்காக நினைவு வைத்திருப்பது ஊர்.

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே வேஸ்ப் என்னும் இடத்தில், 2009-இல் ஹோகவேய்க் என்ற உறைவிடம் திறக்கப்பட்டது. மறதி நோயாளருக்கென்றே கட்டப்பட்ட சிற்றூர் அது. தெருவும் சதுக்கமும் மளிகைக் கடையும் உணவகமும் நாடக அரங்கும் அங்கே உண்டு. நோயாளர் தம் விருப்பம்போல் நடமாடலாம். செல்வம் படைத்த நாடு பெரும் பொருள் செலவிட்டு அமைத்ததைப் பார்த்தால், அது ஏறத்தாழ நம் ஊர்த் தெருவேதான்!

எனினும் நம் ஊரை மிகைப்படப் புகழ்ந்து ஏமாறவும் வேண்டா. இதே ஊரில் ஆறும் வாய்க்காலும் உண்டு. இரயில் பாதையும் உண்டு. தெரு அறிந்த முகங்களெல்லாம் இரவு 10 மணிக்குக் கதவடைத்துவிடும். அதன்பின் விழித்திருப்பவர் பெரும்பாலும் மருமகளோ மகளோ ஒருத்தி மட்டுமே. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ பணியிலிருக்க, முதிய கணவரே முதிய மனைவியைக் காக்கும் வீடுகளும் உண்டு. உறக்கமில்லாத ஓராண்டு எத்தகைய அன்பையும் முறித்துவிடும். அந்நிலையில் நல்லதோர் இல்லத்தை நாடுவது பாவமன்று. பெற்றோரைக் கைவிடுவதும், பெற்றோரைக் காக்க மற்றவரின் துணையை நாடுவதும் வேறு வேறு. அறிவு தளர்ந்த தந்தையிடமும் பொறுமை காட்ட வேண்டும் என்று சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில் கற்பிக்கின்றது. அப்பொறுமையை எந்தக் கூரையின்கீழ்க் காட்டுவது என்பதை அது வரையறுக்கவில்லை.

கட்டும் கதவும்

இல்லம் தேடுமுன் நோயை உறுதி செய்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். இவை மருந்தால் சீர்படக் கூடியவை. இப்பகுதி மக்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கின்றது. அங்குள்ள நரம்பியல், மனநலப் பிரிவுகளில் பரிசோதித்தபின் மற்றதைச் சிந்திக்கலாம்.

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களை அரசு சார்ந்த அமைப்பு ஒன்று ஆய்வு செய்து, நான்கு தரங்களாகப் பிரித்து, எல்லாரும் அறிய வெளியிடுகின்றது. நம் நாட்டுக் குடும்பங்களுக்கு அத்தகைய துணை இல்லை. எனினும் சட்டம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வகுத்துள்ள மனநோய் வரையறையில் நினைவு, இடகால உணர்வு ஆகியவற்றின் கடும் குறையும் அடங்கும். மனநோயாளரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சங்கிலியால் பிணைப்பதை அச்சட்டம் முற்றிலும் தடுக்கின்றது. வேறு எவ்வகையிலேனும் கட்டுப்படுத்துவதாயின், உடனடித் தீங்கைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலோடுதான் அதைச் செய்யலாம். நோயாளர் சார்பாக நியமிக்கப்பட்டவருக்கு 24 மணி நேரத்திற்குள் அறிவிக்கவும் வேண்டும்.

இச்சட்டத்தின் பின்னே கண்ணீர் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். உறவினர் அவர்களை அங்கே வெறுப்பினால் விட்டுச் செல்லவில்லை. குணமாகும் என்ற நம்பிக்கையோடுதான் விட்டுச் சென்றனர். ஆனால் உள்ளே சென்று பார்த்தவர் குறைவு. நல்லெண்ணத்தோடு விட்டு வருவது மட்டும் போதாது என்பதற்கு ஏர்வாடி என்றும் சான்றாக நிற்கும்.

ஆகவே முதலில் நாம் கேட்க வேண்டியது பதிவுச் சான்று. அடுத்துக் காண வேண்டியவை கதவும் கட்டிலும். வெளிக்கதவு பூட்டியிருக்கலாம், அது காப்பு. ஆனால் உள்ளே நடந்து திரிய முற்றமோ தோட்டமோ உண்டா? தீப்பிடித்தால் பூட்டைத் திறப்பவர் யார்? கட்டிலிலோ நாற்காலியிலோ துணியால் கட்டப்பட்டவர் எவரேனும் உளரா? கொடியை அகத்தியோடு சேர்க்கும் கட்டு கொடி வளர்வதற்காக. காவலரின் வசதிக்காகப் போடும் கட்டு வேறு.

கண்ணுக்குத் தெரியாத கட்டும் ஒன்றுண்டு. அமைதியாக இருப்பதற்கென்று கொடுக்கப்படும் மருந்துகளே அவை. இவ்வகை மனநோய் மருந்துகள் சில, மறதி நோய் கண்ட முதியோரிடம் இறப்பு நேரும் அபாயத்தை உயர்த்துகின்றன என்று 2005-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. நண்பகலில் ஓர் அறையிலுள்ள அனைவரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால், அந்த அமைதியைக் கண்டு மகிழ வேண்டா. எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாளுக்கு, எந்த மருத்துவர் எழுதியது என்று கேட்பது மகனுக்கும் மகளுக்கும் உரிமையும் கடமையும் ஆகும்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்பவர், இத்தகைய இல்லங்களை ஆராய ஒரு முறையை வகுத்தார். ஆய்வாளர் பொதுக்கூடத்தின் ஓரத்தில் பல மணி நேரம் அமர்ந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, ஒவ்வொரு நோயாளரும் என்ன செய்கின்றார், எந்த மனநிலையில் இருக்கின்றார் என்று குறித்துக்கொள்வார். பணியாளர் அவரிடம் பேசியது அவரை உயர்த்திற்றா, தாழ்த்திற்றா என்பதும் குறிக்கப்படும். கட்டடம் எப்படி என்பதன்று, அங்கே ஒரு மனிதருக்கு ஒரு பொழுது எப்படிக் கழிகின்றது என்பதே அளவுகோல்.

இதனை நாமும் எளிய முறையில் செய்யலாம். அலுவலக அறையில் காப்பி அருந்திவிட்டுத் திரும்பாமல், பொதுக்கூடத்தில் இரண்டு மணி நேரம் அமருங்கள். உணவு வேளையைத் தேர்ந்துகொள்வது நலம். ஊட்டும் பெண் முகம் பார்த்து ஊட்டுகின்றாரா, விழுங்கும்வரை காத்திருக்கின்றாரா? தட்டு நிறைய மீதம் திரும்புகின்றதா? எடையை மாதந்தோறும் எழுதி வைக்கின்றனரா? கீழே விழுந்தவர் கணக்கும் படுக்கைப் புண் கணக்கும் ஏட்டில் உண்டா? குறைகளை எழுதி வைத்திருக்கும் இல்லத்தை, குறையே இல்லை என்று சொல்லும் இல்லத்தைவிட நம்பலாம்.

மறுமுறை மாலையில் செல்லுங்கள். பொழுது சாயும் வேளையில் இந்நோயாளர் பலருக்குக் கலக்கம் மிகும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாயிலுக்கு வருவர். அப்போது அதட்டுகின்றனரா, அல்லது கைப்பிடித்து நாலு அடி உடன் நடக்கின்றனரா என்று பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள். பகலில் நிறைந்து இரவில் காலியாகும் இல்லம், வீட்டிலிருந்த அதே துன்பத்தை வேறிடத்திற்கு மாற்றியதாகவே முடியும்.

அனைத்திற்கும் மேலாக, சேர்க்கையின்போது உங்களிடம் என்ன கேட்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். முன்பணத்தையும் மருந்துச் சீட்டையும் மட்டும் கேட்பவர், ஒரு நோயாளரைச் சேர்க்கின்றனர். என்ன தொழில் செய்தார், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எதைக் கண்டால் அஞ்சுவார், எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்பவரோ ஒரு மனிதரை வரவேற்கின்றனர். வாழ்நாளெல்லாம் கவுளி கட்டிய விரல்கள், பெயர் மறந்த பின்னும் இலையை அடுக்கும். கையில் ஒரு கட்டு இலையைக் கொடுத்தால் அரை நாள் நிம்மதியாக இருப்பார். 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் மகாலிங்கம் பாடிய பாட்டைக் கேட்டு, பேச்சு நின்றுபோனவரும் உடன் முணுமுணுக்கக்கூடும்.

செபமும் அவ்வாறே. இன்று 85 வயதைக் கடந்த நம் மூதாட்டியர் சிறுமியராய்க் கற்றது பழைய 'பிரியதத்த மந்திரம்'. பின்னாளில் வந்த செப நடை அன்று. புதிய சொற்களுக்கு அசையாத உதடுகள் பழைய சொற்களுக்கு அசையும். இதை இல்லத்தாருக்குச் சொல்லி வைக்க வேண்டியவர் நாமே. நற்கருணை கொண்டு வரப்படுமா, நோயில் பூசுதல் காலத்தில் கிடைக்குமா, இறுதி வேளையில் குடும்பத்தாரை அழைப்பரா என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

பங்கின் பொறுப்பு

1839-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் நகரில், ஜான் ஜூகான் என்னும் ஏழைப் பணிப்பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்து, தம் சொந்தப் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அவ்வாறு பிறந்தது. 1882-இல் அச்சபையினர் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் இல்லத்தைத் தொடங்கினர். 2009-இல் அவ்வன்னை புனிதராக உயர்த்தப்பட்டார். தம் படுக்கையைக் கொடுத்தவர், அப்படுக்கையின் தரத்தைப் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. நாமோ பிறர் படுக்கையில் நம் பெற்றோரை விடுகின்றோம். ஆகவே நாம் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

மகன் வெளிநாட்டிலிருந்தால் யார் போவது? இங்கேதான் பங்கின் கடமை தொடங்குகின்றது. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் அன்பியத்தாரும் மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். அப்பட்டியலில் இத்தகைய இல்லங்களையும் சேர்த்துக்கொள்ளலாகாதா? மாதம் இருமுறை, முன்னறிவிப்பின்றி, வேறு வேறு நேரத்தில், தம் பங்கைச் சேர்ந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் சென்றால் போதும். வருகையாளர் வந்துகொண்டேயிருக்கும் இல்லத்தில் பணியாளரும் விழிப்போடிருப்பர். தவறு நீண்ட நாள் மறைந்திராது. நல்ல இல்லம் இவ்வருகையை விரும்பும். நேரம் குறித்துத்தான் வரவேண்டும், உள்ளறைக்குப் போகலாகாது என்று தடுக்கும் இல்லத்தை ஐயுற நமக்குக் காரணம் உண்டு.

சோழவந்தான் தெருவில் அப்பத்தாவைக் கைப்பிடித்து அழைத்துவரும் பூக்கடைக்காரரை எந்த இல்லத்தாலும் விலைக்கு வாங்க இயலாது. ஆனால் அவர் செய்வதை நாம் செய்யலாம். அன்னையை இல்லத்தில் சேர்த்துவிட்டோம் என்று ஓய்ந்திருக்கும் குடும்பங்கள், இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நேரே வீடு திரும்பாமல், அங்கே சென்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரட்டும். மகன் வந்தான் என்பது அன்னைக்கு நினைவில் நில்லாமற் போகலாம். அன்னைக்குப் பிள்ளைகள் உண்டு என்பது அந்த இல்லத்திற்கு நினைவில் நிற்கும்.