ஸ்டெப்னி இல்லாத வண்டி

மின்கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?’ பெட்ரோல் காலத்து ‘மைலேஜ் எவ்வளவு’ என்ற கேள்வியின் நேர் வாரிசு இது. ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடும் நண்பர் வீட்டு மொட்டைமாடியில், முன்பு சிற்றிதழ்களும் மொழிபெயர்ப்புகளும் அடிபட்ட இடத்தில், சில ஆண்டுகளாக இந்தக் கணக்கும் அடிபடுகிறது. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா வந்தது. 39.2 கிலோவாட் மணி பேட்டரி, ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைப்படி 452 கிலோமீட்டர். அடுத்த ஜனவரியில் எம்.ஜி. இசட்.எஸ்., டாடா நெக்ஸான் ஆகியவற்றின் மின்வடிவங்கள் சில நாள் இடைவெளியில் வந்தன. எம்.ஜி.யின் பேட்டரி 44.5, ஆனால் தூரம் 340தான். நெக்ஸானுக்கு 30.2, தூரம் 312. பெரிய பானையில் சோறு குறைவாக இருப்பது எப்படி என்று ஒரு மாலை முழுவதும் விவாதித்திருக்கிறோம். கோனா இப்போது இந்தியச் சந்தையில் இல்லை. 2025 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. வண்டிகள் மாறின, விவாதம் மாறவில்லை.

இந்த விவாதம் நம் காலத்துடையது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1898 டிசம்பரில் பாரிஸுக்கு அருகே ஆஷேர் என்ற இடத்தில் ஷாஸ்லு-லோபா என்ற பிரபு, ழாந்தோ நிறுவனத்தின் மின்காரில் மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பெல்ஜியத்துக்காரரான காமில் ஜெனாட்ஸிக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த சில மாதங்கள் இருவரும் மாறி மாறி ஒருவர் சாதனையை மற்றவர் முறியடித்தனர். முடிவில் 1899 ஏப்ரல் 29 அன்று ஜெனாட்ஸி 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். நிலத்தில் ஓடும் கார் ஒன்று நூறைத் தாண்டியது அதுவே முதல் முறை, அது மின்கார். குண்டு வடிவத்தில் இருந்த அந்த வண்டிக்கு ‘ஒருபோதும் திருப்தியடையாதவள்’ என்று பெயர் (எங்கள் மொட்டைமாடி உறுப்பினர் சிலருக்கும் பொருந்தக்கூடிய பெயர்). அதன் வடிவத்தைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது ஓடியது மிஷெலின் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்களில் என்பது ஓர் ஓரக் குறிப்பாகவே நின்றுவிட்டது.

டயர் என்றுமே ஓரக் குறிப்புதான். அதன் மேல் நிற்கிற வண்டி மின்காராக மாறும்போது அது படும் பாடு அதிகமாகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பேட்டரியின் பாரத்தால் மின்கார் தன் பெட்ரோல் சகோதரனைவிட எடை கூடியது. மிதித்த கணத்திலேயே மோட்டார் முழு விசையையும் சக்கரத்துக்கு அனுப்பிவிடுகிறது. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி பாய்வதில் நமக்கு ஓர் இன்பம், அந்த இன்பத்தின் செலவு டயரின் கணக்கில் எழுதப்படுகிறது. எஞ்சின் சத்தம் இல்லாததால் டயரின் உறுமல் பெரிதாகக் கேட்கிறது; அதற்காகச் சில டயர்களின் உட்புறம் நுரைப்பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். பஞ்சரானால் உள்ளிருந்து பேட்ச் போட, அந்த நுரையை வெட்டி உரிக்க வேண்டும். வாங்கும்போது இதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி ஸ்டெப்னி. நாம் தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்கும் இச்சொல் உண்மையில் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904 வாக்கில், ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோடு இறுக்கிப் பிணைத்து ஓட்டும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அக்காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. அந்தப் பொருள் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியாவிலும் மால்டாவிலும், சற்றே திரிந்து பிரேசிலிலும் பிழைத்திருக்கிறது. நம் ஊரில் அதற்கு வேறொரு கொச்சைப் பொருளும் ஏற்பட்டது, அது போகட்டும்.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. மின்கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆக, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு கார் மறுபடி லானெல்லிக்கு முந்தைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது.

இதன் பொருள் எனக்குப் புரிந்தது வேப்பூரைத் தாண்டிய ஓர் இரவில். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சென்றுகொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மா. வயது எழுபத்தெட்டு, கண் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒன்பதரை மணிக்குத் திரையில் மஞ்சள் குறி எரிந்தது. 33இல் இருந்த பின் இடது டயரின் அழுத்தம் ஓரம்கட்டுவதற்குள் 14 ஆகிவிட்டது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கச் சுவரில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். பெட்டியில் இருக்கும் பசைத்திரவம் தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்திய சிறு துளையைத்தான் அடைக்கும். பக்கச் சுவருக்கு அதனால் பயனில்லை. உதவி எண்ணை அழைத்தேன். தட்டு வண்டி மூன்று மணி நேரத்தில் வரும் என்றார்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

சற்றுத் தள்ளி ஒரு பஞ்சர் கடையில் குண்டு பல்பு எரிந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வந்தவர் முதலில் அம்மாவைத்தான் பார்த்தார். “பெரியம்மா, இங்க லாரி உரசிக்கிட்டுப் போவான். கடையில வந்து உக்காருங்க” என்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“கரண்ட் வண்டியா சார்? அடியில பூரா பேட்டரின்னு சொல்றாங்க. ஜாக்கிய எங்க வைக்கிறது?”

அந்தக் கேள்விக்காகவே அவருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். தவறான இடத்தில் ஜாக்கி ஏறினால் பேட்டரிப் பெட்டியே நசுங்கும். வண்டியின் விலையில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. கையேட்டில் இருந்த படத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். விளிம்பில் இருந்த குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய டியூப் துண்டொன்றை மடித்து வைத்து ஜாக்கியை ஏற்றினார். டயரைக் கழற்றும்போது, “வால்வுக்குப் பின்னாடி சென்சார் இருக்கும், லிவர் பட்டா போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து நெம்பினார்.

கடையின் பின்னால் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. என் அளவு 215/60 ஆர் 16; இரண்டு கிடைத்தன. ஒன்று பார்வைக்குப் புதிது போலிருந்தது; நான் அதைத்தான் தொட்டேன். அவர் அதன் பக்கத்தைத் துடைத்து நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1116. 2016ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்தது. “பட்டன் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ரப்பர் செத்துப்போச்சு. அம்மாவ வச்சுக்கிட்டு இதுல போக வேணாம்.” மற்றது தேய்ந்திருந்தது, ஆனால் வயது மூன்றுதான். 95 என்ற பார எண்ணும் இருந்தது. ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். அதை மாட்டி, “அறுபதத் தாண்டாதீங்க, திருச்சியில முதல் வேலையா புதுசு போட்டுருங்க” என்றார். டயருக்கும் வேலைக்குமாக 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். நாங்கள் பெரம்பலூரைக் கடந்த பிறகு, தட்டு வண்டிக்காரர் அழைத்து எங்கே நிற்கிறீர்கள் என்று விசாரித்தார்.

மொட்டைமாடியில் இதைச் சொன்னபோது, கிலோமீட்டர் கணக்கில் கரைகண்ட நண்பர், ஸ்டெப்னி பதினைந்து கிலோ பாரம், அதைச் சுமந்தால் தூரம் குறையும் என்றார். குறையட்டுமே! ஒன்றரை டன் வண்டிக்குப் பதினைந்து கிலோ என்பது மடியில் ஒரு குழந்தை. ஐரோப்பாவின் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் உதவி வரக்கூடும். அங்கே செய்த கணக்கு, இரும்புத் துண்டும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் நம் சாலையோரத்துக்கு எப்படிப் பொருந்தும்? பேட்டரிக்கு இடம் வேண்டும் என்ற வாதத்தையும் முழுதாக ஏற்க முடியவில்லை. ஸ்டெப்னி இல்லாத என் வண்டியில், டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் அதற்கென்றே வார்த்தது போல ஒரு வட்டப் பள்ளம் காலியாகக் கிடந்தது. அதில் காற்றடிக்கும் சிறு மோட்டாரையும் பசைக் குப்பியையும் வைத்திருந்தார்கள்.

இப்போது வேறொரு நண்பர் மின்கார் வாங்கவிருக்கிறார். இரண்டு மாடல்களுக்கிடையில் ஊசலாடுகிறார். அவரோடு இரு காட்சியகங்களுக்கும் போனேன். திரையின் அகலத்தையும் கூரைக் கண்ணாடியையும் காட்டிக்கொண்டிருந்த இளைஞரிடம் டிக்கியின் தரையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். முதல் இடத்தில் அதைத் தூக்கும் விதம் தெரியாமல் மேலாளரை அழைத்தார்கள். இரண்டாவது இடத்தில், தனியாகப் பணம் கட்டினால் ஸ்டெப்னி தருவதாகச் சொன்னார்கள். நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. தூரக் கணக்கில் முதல் வண்டிதான் முந்துகிறது.

என் வண்டியின் பள்ளத்தில் ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். அது முழுதாக அமிழாததால் தரைப்பலகை இரண்டு அங்குலம் தூக்கி நிற்கிறது. ஊருக்குப் போகும்போது ஊறுகாய் ஜாடிகளை நிமிர்த்தி வைக்க முடியவில்லை என்பது அம்மாவின் புகார். ஜாடிகள் பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில், பெல்ட் போட்டு, திருச்சி வரை வருகின்றன.