துவர்

கருத்தரங்கு ஒன்றுக்காக நாசிக் சென்றிருந்தபோது, நண்பர் ஒருவர் கங்காபூர் அணைக்கு அருகிலுள்ள சுலா ஒயின் ஆலைக்கு அழைத்துப்போனார். ராஜீவ் சமந்த் 1999-இல் தொடங்கியது. தன் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி அதற்கு வைத்தார்.

அதுவரை நான் மது எதையும் அருந்தியதில்லை. குடி என்பது எனக்கு அப்பாவின் சட்டையில் இருந்த வாடை. அதைத் துவைக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஆனால் யவனர் கொண்டுவந்த தேறலைப் பேசும் புறநானூற்றுப் பாடலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். தேறல் என்றால் தெளிந்த மது என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

முதலில் ஜின்ஃபண்டேல் ஊற்றினார்கள். பிளம் பழமும் பட்டையும் தெரியும் என்றார் ஊற்றிய இளைஞர். எனக்குப் பழப்பாகின் மணம் மட்டுமே தெரிந்தது. அடுத்தது திண்டோரி ரிசர்வ் ஷிராஸ். நாசிக்குக்கு வடக்கே திண்டோரி வட்டாரத்தில் விளைந்த திராட்சை, ஓக் மரத்தில் முதிர்ந்தது. "மிளகு வாசனை வருகிறதா?" என்று கேட்டார். விற்பனைப் பேச்சு என்றே நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: ஷிராஸில் மிளகு மணம் தரும் ரோட்டன்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இனங்கண்டிருக்கிறார்கள். நம் மிளகில் மணப்பதும் அதுவே. நம்மிடம் மிளகு வாங்கிப்போன யவனர்களின் மதுவிலும் மிளகு மணந்திருக்குமா என்று வீணாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

விழுங்கியபின் நாக்கும் ஈறும் இழுத்துப்பிடித்தன. நாவற்பழம் தின்றபின் வரும் அதே இழுப்பு. இளைஞர் அதை டானின் என்றார். துவர்ப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சிவப்பு ஒயினுக்கான திராட்சையில் பெரும்பாலும் சதைக்கு நிறமில்லை. தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பதால், தோலிலிருந்து நிறமும், தோல் விதை இரண்டிலிருந்தும் துவர்ப்பும் இறங்குகின்றன. அத்துவர்ப்பு உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் சொரசொரக்கிறது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோலைப் பதனிடுவது ஏறக்குறைய இதே வேலைதான். பழந்தமிழில் துவர் என்பது சிவப்பையும் குறிக்கும். பவளம் துவர், துறவியின் காவியுடை துவராடை. அகராதியில் இவ்விரு பொருளையும் எத்தனையோ முறை அடுத்தடுத்துப் படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக என் நாக்கில் பட்டது அன்றுதான்.

ஷிராஸ் ஒரு புட்டி வாங்கிக்கொண்டோம். இரவு நண்பர் வீட்டில் கோலாப்பூர் சாப்பாடு: ஆட்டுக்கறியோடு தாம்ப்டா ரஸ்ஸா, பாண்ட்ரா ரஸ்ஸா. முன்னது மிளகாய்ச் சிவப்பு. பின்னது தேங்காய்ப்பாலும் முந்திரியும் சேர்ந்த வெள்ளை. சிவப்புக் குழம்புக்குப் பின் ஒரு வாய் ஒயின் குடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாராயச் சத்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டுகிறது. ஷிராஸ் காரமான உணவுக்குப் பொருந்தும் என்று பலரும் எழுதுகிறார்கள். மிளகுக் காரத்துக்கு வேண்டுமானால் சரி, மிளகாய்க்கு இல்லை. வெள்ளைக் குழம்போடு குடித்தபோது அதே ஒயின் சாதுவாகிவிட்டது. பற்றிக்கொள்ளக் கறியும் கொழுப்பும் கிடைத்துவிட்டால் துவர்ப்பு நாக்கை விட்டுவிடுகிறது. தேயிலையின் துவர்ப்பைப் பால் அடக்குவதும் இப்படித்தான். கறித்துண்டுகளை அதிலேயே தோய்த்துத் தின்று, மெதுவாக இரண்டு கோப்பை குடித்தேன். பிடித்திருந்தது.

பத்து மணிக்கு அம்மா அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு, காரம் அதிகம் என்றேன். மோர் குடி என்றார்.