மருந்து வாங்கப் போனவர் மீது ஒரு வழக்கு

கொரோனா ஊரடங்கின் தொடக்க நாட்கள். லேத் பட்டறையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், தாயாருக்கு இன்சுலின் வாங்க பைக்கில் கிளம்பினார். வழியில் மறித்த போலீசார் வண்டியைப் பறிமுதல் செய்து, இந்திய தண்டனைச் சட்டம் 188, 269 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். வண்டி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் வழக்கு உயிரோடிருப்பது தெரிந்தது.

“நோயைப் பரப்பினேன்னு எழுதியிருக்காங்க சார். அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனது குத்தமா?” என்று வழக்கறிஞரான என்னிடம் கேட்டார்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்து மனு தாக்கல் செய்தோம். உயிர் காக்கும் நேரத்தில் அரசு கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றது அரசுத் தரப்பு. அதை நான் மறுக்கவில்லை. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால், உத்தரவை மீறியவரை அது 188ஆம் பிரிவின்படிதான் தண்டிக்கச் சொன்னது. அந்தப் பிரிவில் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195இன்படி உரிய அரசு அலுவலரின் எழுத்துப்பூர்வமான புகார் தேவைப்பட்டது. போலீசாரே எஃப்.ஐ.ஆர். பதிய முடியாது என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்திருந்தார். 269க்கோ, தன் செயலால் தொற்று பரவும் என்று நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். காய்ச்சலோ பரிசோதனை முடிவோ இல்லாமல் தனியாக வண்டியில் போனவருக்கு அது எப்படிப் பொருந்தும்? வழக்கு ரத்தானது.

இத்தகைய ஊரடங்கு வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை பேரும் சுமந்திருந்த பயத்தை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பம்பாய் பிளேக் காலத்தில் பிறந்த 1897 சட்டம் அப்போது நான்கே பிரிவுகள் கொண்டது. அரசின் அதிகாரத்தைச் சொன்னது; மக்களுக்கு அரசு செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் நிவாரணம் பற்றிய 12ஆம் பிரிவு இருந்தது. அதைப் பிடித்துத்தான் உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கொரோனா மரணங்களுக்கு நிவாரணம் வகுக்க உத்தரவிட்டது; குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. சட்டத்தில் கடமை எழுதப்பட்டிருந்ததால்தான் கேட்க முடிந்தது.

அடுத்த தொற்று வருமுன் புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் வேண்டும். அடைத்து வைக்கும் அதிகாரத்தோடு, அடைபட்டவருக்கு மருந்தும் உணவும் சேர்க்கும் கடமையும் அதில் இடம்பெற வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதை இப்போதே கேட்போம்.