தேனீக்குக் கரை வேண்டும்

மாசி பிறந்ததும் கொல்லையில் முருங்கை நிழலில் தண்ணீர்த் தட்டை வைத்துவிடுவேன். வெயில் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. தேனீ ஓரிடத்தில் தண்ணீர் கண்டுவிட்டால் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் பழகிய கூட்டத்தை நம் பக்கம் திருப்புவது பெரும்பாடு.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டே போதும். பறவைக்கு வைத்த கிண்ணத்தில் தேனீயும் குடித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். வழுவழுப்பான கிண்ணத்தில் விழுந்த தேனீயால் ஏறி வர முடியாது, மூழ்கிச் செத்துப்போகும். அதற்கு வேண்டியது நிற்க ஒரு கரை. கூழாங்கல்லையும் ஓட்டாஞ்சில்லையும் பரப்பி, அவற்றின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றுவேன். எனக்கு ஓட்டாஞ்சில்லுதான் பிடித்தம். அடியில் நனைந்தால் ஈரம் மேல்வரை ஏறிவிடும். தேனீ தண்ணீரில் கால் வைக்காமலே அந்த ஈரத்தில் நாக்கை நீட்டி உறிஞ்சும். குனிந்து பார்த்தால், குடிக்கக் குடிக்க அதன் வயிறு விம்மி அடங்குவது தெரியும்.

கூட்டுக்குக் கொண்டுபோன தண்ணீரைத் தேனீக்கள் அடையின் மேல் துளித்துளியாகப் பரப்பி இறக்கையால் விசிறுகின்றன. அது ஆவியாகும்போது கூடு குளிர்கிறது. வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் புழு வளரும் அடை 35 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். கெட்டித் தேனைக் கரைத்துப் புழுவுக்கு உணவு தயாரிக்கவும் தண்ணீர் வேண்டும்.

தட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் நனைத்து வைப்பேன். வண்ணத்துப்பூச்சிகள் அந்த ஈரத்தில் உப்புச்சத்தை உறிஞ்ச வரும். கூடு கட்டும் குளவிக்கும் மண் குழைக்கத் தண்ணீர் தேவை.

கொசு வருமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் விளிம்பை ஒட்டிப் பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டையும் கல்லையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்துக் கழுவி, பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டால் அதற்கு இடமே இல்லை.

சிலர் இரக்கப்பட்டுச் சர்க்கரை கலக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். எறும்பு மொய்க்கும், பல கூட்டுத் தேனீக்கள் ஒரே இடத்தில் முட்டிமோதினால் நோயும் தொற்றும்.

தட்டு வைத்துப் பழக்கிவிட்டால் கோடை முடியும்வரை நிறுத்தாதீர்கள். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.