தாய் எங்கே?

நமது தேசத்தில் சாமான் வாங்குவது என்பது ஒரு தனிச் சாஸ்திரம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாராமல் எந்த இல்லத்தரசியும் அதைத் தராசில் ஏற விடமாட்டாள். செவுளைத் தூக்கிப் பாராமல் யாரும் மீன் வாங்குவதில்லை. மண்பானையை விரலால் சுண்டி, நாதம் சரியாக இருந்தால்தான் அது வீடு வந்து சேரும். மாட்டுச் சந்தையிலோ கேட்கவே வேண்டாம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; சுழியைப் பார்ப்பார்கள்; நடக்க விட்டுப் பார்ப்பார்கள்; அதன் பிறகுதான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த நாம், நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் செல்போனில் வந்த ஒரு படத்தைக் கண்டு மயங்கிப் பணத்தை அனுப்பிவிடுகிறோம். காரணம் வேறொன்றுமில்லை. வெண்டைக்காய் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை, நாய்க்குட்டி பார்க்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரால். அவர் சென்ற வருஷம் ஒரு குட்டி வாங்கினார். விற்றவன் அதைப் பஸ் ஸ்டாண்டிலேயே, ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். "வீடு தேடி வர உங்களுக்கு எதற்குச் சார் சிரமம்?" என்று அவன் சொன்னதை மரியாதை என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் கியாரண்டியும் கொடுத்தான். முதல் மூன்று நாள் குட்டி வீடெல்லாம் ஓடியது. நாலாம் நாள் வாந்தி. அன்று இரவே ரத்தபேதி. ஆறாம் நாள் அவருடைய இரு பையன்களும் கொல்லையில் குழி தோண்டினார்கள். மூத்தவன் என் வகுப்பில் படிக்கிறவன்; ஒரு வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்த வியாதிக்குப் பார்வோ என்று பெயர். அந்தக் கிருமி உடலில் புகுந்து, வியாதி வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஆகவே விற்பவன் கையில் துள்ளி விளையாடும் குட்டிக்குள் எமன் அப்போதே ஏறி உட்கார்ந்திருக்கலாம். அப்படியிருக்க, ஒரு நாள் கியாரண்டி என்பதற்கு என்ன அர்த்தம்? வியாதி தலைகாட்டுவதற்கு முன்பே முடிந்துபோகிற கியாரண்டி அது. கொடுத்தவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்குமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, இந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாத காலம் சாகாமல் கிடக்கும். பிளீச்சிங் பவுடர்க் கரைசல் கொண்டு கழுவினாலும் கொல்லை மண்ணை எப்படிக் கழுவுவது? தடுப்பூசித் தவணைகள் முடியாத வேறு குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டிலும் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் புதல்வி ஒரு நாய்க்குட்டிக்காக இரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். டிராயிங் மாஸ்டர் வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு, "விற்கிறவன் யோக்கியன் என்று தெரிந்தால்தான் வாங்குவது" என்று நான் நிபந்தனை விதித்தேன். "அதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடி இரண்டு மாத காலம் விடுமுறை நாட்களில் அலைந்தேன்.

முதலில் போனது ஒரு பெரிய நகரத்துப் புறநகரிலிருந்த நாய்ப் பண்ணை. முன்புறம் வெகு நேர்த்தி. குளிர்சாதன அறை, கண்ணாடிப் பெட்டிகள், சுவரில் கோப்பைகளும் பதக்கங்களும். ஒன்பது ஜாதிக் குட்டிகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்று சைபீரியன் ஹஸ்கி. பனியில் வண்டி இழுப்பதற்காக, இரட்டைக் கம்பளிபோல் ரோமம் தரித்துப் பிறந்த ஜாதி. சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும் ஒரு மாடி வீட்டுக்காரருக்கு அதை விற்க அந்த மனிதருக்குத் தயக்கமில்லை. ஜீவன் எந்த வீட்டில் போய் எப்படி வாழும் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொக்கமா, செல்போனில் அனுப்புகிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

"குட்டிகளின் தாயைப் பார்க்கலாமா?" என்றேன்.

"தாய் வேறே ஊர்ப் பண்ணையிலே இருக்குங்க. இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்னு யாருக்கும் காட்டறதில்லே."

கிருமி பரவும் என்பது உண்மையான காரணமே. நல்ல வளர்ப்பாளர்கள்கூடச் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் கையைக் கழுவச் சொல்வது வேறு. கதவையே சாத்துவது வேறு. தாயைக் காட்டாதவன் வளர்ப்பவனல்லன். எங்கிருந்தோ வாங்கி விற்கும் தரகன். அல்லது காட்டத் தகாத நிலையில் தாயை வைத்திருப்பவன். சிலர் ஏதோ ஒரு பெட்டை நாயைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. அப்போது அதன் வயிற்றைக் கவனிக்க வேண்டும். பால் கொடுக்கும் நாய்க்கு மடிக் காம்புகள் தொங்கி நிற்கும். கூட்டிலுள்ள குட்டிகளும் அதைக் கண்டதும் சும்மா இருக்கமாட்டா. சாட்சி சொல்வதற்கு அவற்றைவிட வேறு யார் வேண்டும்?

அந்தப் பண்ணைக்காரர் என்னிடம் ஒரு தடுப்பூசிப் புஸ்தகத்தை நீட்டினார். குட்டிக்கு வயது 45 நாள் என்றார். புஸ்தகத்திலோ மூன்று தவணை ஊசியும் போட்டாகிவிட்டதாகக் கையெழுத்து இருந்தது. முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்தான் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் நாலு மாதம் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி மூன்று மாதம் ஆன பிறகு. 45 நாளில் மூன்று தவணை முடிந்த அதிசயம் எப்படி நடந்தது என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவாருங்க" என்றார். மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதில் தொகுப்பு எண், காலாவதித் தேதி, வைத்தியரின் பதிவு எண் ஆகிய இவை இல்லாத புஸ்தகம், வெறும் கையெழுத்துப் பயிற்சிப் புஸ்தகம்தான்.

உபாத்தியாயன் ஆகையால் எனக்குக் கணக்குப் பார்க்கும் வியாதி உண்டு. பெட்டை நாய் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பருவத்துக்கு வரும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்த குட்டியை எட்டு வாரமாவது தாயிடம் விட்டுவைக்க வேண்டும். இப்படியிருக்க, "என்னிடம் இரண்டே பெட்டைகள்தான்" என்று சொல்லும் ஒருவர், வருஷத்தின் பன்னிரண்டு மாதமும் குட்டி விற்பது எப்படி? ஒன்று, அவர் தாயைப் பிழிந்தெடுக்கிறார். அல்லது வேறெங்கிருந்தோ சரக்கு வருகிறது. யோக்கியமான வளர்ப்பாளர் பெரும்பாலும், "இப்போது குட்டி இல்லை, சில மாதம் கழித்து விசாரியுங்கள்" என்றுதான் சொல்லுவார். இந்தப் பதிலைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள். நல்ல செய்தி அது.

சட்டமும் இதையே சொல்லுகிறது. நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி மத்திய சர்க்கார் 2017-ல் விதிகள் வகுத்திருக்கிறது. வளர்ப்பவர், தரகர் யாராயினும் மாகாணப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டு, அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியையும், தடுப்பூசி போடாத குட்டியையும் விற்கலாகாது. பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறைவதற்கு முன்பும், எட்டு வயதுக்குப் பின்பும் இனப்பெருக்கம் கூடாது. ஒரே வருஷத்தில் அடுத்தடுத்து இரண்டு ஈற்றுக் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. இவ்வளவும் புஸ்தகத்தில் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்கிறோம்?

வம்சாவளிப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பத்திரம், குட்டியின் தாய் தந்தை யார் என்பதைச் சொல்லும். அதைக் கல்யாண ஜாதகத்துக்கு ஒப்பிடலாம். கோத்திரமும் நட்சத்திரமும் அதில் இருக்கும். மாப்பிள்ளைக்கு இருமல் உண்டா என்பது இராது. பத்திரத்தில் 15 இலக்க எண் ஒன்று இருந்தால், அரிசி மணி அளவுள்ள சில்லு ஒன்று குட்டியின் தோலுக்கடியில் இருக்க வேண்டும். வைத்தியரிடமுள்ள கருவியில் அந்த எண்ணைப் படித்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். சர்க்கார் முத்திரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பாரும் உளர். நாட்டு நாய்களைப் பெருக்குவதற்காகச் சைதாப்பேட்டையில் நடந்துவந்த சர்க்கார் நிலையத்தையே மூடும்படி 2016-ல் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. முத்திரை எதுவானாலும் கண் திறந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நாலு நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம்முடைய நாலையும் பெயர் சொன்னார். பெருமை வந்தால் போலியும் வரும். வெள்ளையாயிருக்கும் நாயெல்லாம் இப்போது ராஜபாளையம்தான்! அசலுக்கு ரோமம் பால் வெண்மை. மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு. ஆனால் அந்த வெண்மையோடு ஒரு குறையும் சேர்ந்து வருகிறது. இந்த ஜாதியில் சில குட்டிகள் பிறவிச் செவிடாய்ப் பிறப்பது உண்டு. விற்கிறவர்களில் இதைத் தாமாக வாய் திறந்து சொன்னவரை நான் கண்டது ஒரே இடத்தில்தான்.

அது ராஜபாளையத்துக்கு அருகே ஒரு கிராமம். தென்னந்தோப்பு ஓரத்தில் ஓட்டு வீடு. கிழவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவுடன் எங்களைக் குட்டியிடம் அழைத்துச் செல்லவில்லை. திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, விசாரணையை ஆரம்பித்தார். சொந்த வீடா, வாடகை வீடா? கொல்லை எவ்வளவு? பகலில் வீட்டில் இருப்பது யார்? ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, அது எப்படிச் செத்தது? நான் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சையில்கூட இவ்வளவு கேள்விகளுக்குப் பதில் எழுதியதாக ஞாபகமில்லை.

"பகல்ல நீங்களும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டா, குட்டி கட்டுலயே கெடக்குமே, வாத்தியாரையா?" என்றார். என் தாயார் வீட்டோடு இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

தாய் நாய் தோப்பில் கட்டின்றித் திரிந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டு உறுமிற்று. அவர் ஓர் அதட்டுப் போட்டதும் வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. விலா எலும்பு லேசாகத் தெரிந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு அது இயல்பு. கண்ணில் பீளை இல்லை. தோலில் சொறி இல்லை. எஜமானனைக் கண்டு ஒடுங்கவில்லை. ஆறு குட்டிகள் வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்தன. ஐந்து வாரக் குட்டிகள். என் மகள் ஒன்றைப் பார்த்தாள். அப்பழுக்கற்ற வெள்ளை, மற்றவற்றைவிடக் கொழுத்தது, பரம சாதுவாகத் தூங்கியது.

"இதுதான் வேணும், தாத்தா."

கிழவர் பதில் சொல்லாமல் ஓர் எவர்சில்வர் தட்டைக் கையில் எடுத்து, சற்று எட்ட நின்று கரண்டியால் தட்டினார். ஐந்து குட்டிகள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கின. அது மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது.

"இது செவிடு, தாயீ. அதான் இம்புட்டுச் சாது. இதைக் கொடுக்க மாட்டேன். ரோட்டுல வண்டி வர்றது இதுக்குத் தெரியாது. இங்க தோப்போட இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அதையும் அவரே சொன்னார். அந்தக் குட்டியை எங்கள் தலையில் கட்டியிருந்தால் அன்று எங்களுக்கு ஒன்றும் தெரிந்திராது. கேட்ட விலையைக் கொடுத்து, ஆனந்தமாகக் கார் ஏறியிருப்போம். எத்தனை சர்ட்டிபிகேட்டும் சொல்லாத சங்கதியை அந்தத் தட்டுச் சத்தம் சொல்லிற்று.

ஆனால் அவரிடம் பதிவுச் சர்ட்டிபிகேட் கிடையாது. "எங்க ஐயா காலத்துல குட்டியை ஒறவுமொறைக்குச் சும்மா கொடுப்போம், காசு வாங்குனதே இல்ல. இப்பத்தான் இந்தக் காகிதமெல்லாம்" என்றார். நல்ல மனிதர் என்பதற்காகச் சட்டம் அவருக்கு விலக்கு அளிக்கவில்லை. அளிக்கவும் கூடாது என்பதே என் அபிப்பிராயம். கிழவருக்கு விலக்கு அளித்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரரும் அதே வாசலில் வந்து நிற்பார். இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதித் தர்றதுக்கு ஆளு வேணுமே" என்றார். பதிவு மனுவை நான் பூர்த்தி செய்து தருவதாக ஏற்பாடு. எட்டு வாரம் நிறைந்து, ஊசி போட்டு, சர்ட்டிபிகேட்டும் கைக்கு வந்த பிறகுதான் குட்டி கைமாறும். பணமும் அப்போதுதான். எட்டு வாரத்தில் பாற்பல் 28-ம் முளைத்திருக்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோன இரண்டு நாளுக்குள் எங்கள் ஊர் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குறை என்று அவர் சொன்னால் குட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எந்தக் காலத்திலும் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். இவை அவர் விதித்த நிபந்தனைகள். என் மனைவியின் பழைய நூல்சேலை ஒன்றை வாங்கிக் குட்டிகளின் படுக்கையில் விரித்திருக்கிறார். புறப்படும்போது தாய் வாசனையோடு அதையும் எடுத்துச் செல்ல வேண்டுமாம்.

மனுக் காகிதங்களோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போகிறோம். எங்களுக்கென்று குறித்து வைத்திருக்கும் குட்டியைப் பற்றி என் மகள் அவ்வளவாக விசாரிப்பதில்லை. அந்தச் செவிட்டுக் குட்டிக்குத் தாத்தா என்ன பெயர் வைத்திருக்கிறார், கூப்பிட்டால் கேட்காத நாயை எப்படிக் கூப்பிடுவார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.