ஆந்தையைக் கலைக்காத தூரம்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்ற நிற்கும்போது என் கைத்தொலைபேசியில் பறவைப் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன லென்ஸ் பாவிக்கிறீங்கள்? எனக்கும் ஒண்டு வாங்க வேணும்" என்று கேட்கும் அம்மா அப்பாமார் இப்போது நாலைந்து பேர் ஆகிவிட்டார்கள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. பெயர் மட்டும் போதும் என்பவர்களுக்கு: சிக்மா 150-600, வேறொருவர் பாவித்துவிட்டு விற்றது. ஏன் அதை வாங்கினேன் என்று சொல்ல ஒரு ஆந்தையிடமிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று குளிர்காலத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவையும் அப்போது ஆறு வயதான மகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து சிம்கோ ஏரிப் பக்கம் போனேன். எந்த வீதி என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த கிழமை அங்கே இருபது கார் நிற்கும். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே இறங்கும் பனி ஆந்தைகளுக்கு அந்த வயல்கள் பிடிக்கும். மரமில்லாத வெட்டவெளி, அவை பிறந்த இடம் மாதிரியே. பகலிலும் வேட்டையாடும் ஆந்தை என்பதால் பிள்ளைகளுக்குக் காட்டவும் வசதி.

அன்று ஒன்று வேலிக் கட்டையில் இருந்தது. என்னிடம் இருந்தது கமராவோடு சேர்த்து மலிவாக வாங்கிய 55-250. றோட்டில் நின்று எடுத்தால் ஆந்தை ஒரு சீனிக்கட்டி அளவுதான் வந்தது. இறங்கினேன். மகளும் இறங்கினாள். பத்து அடி நடந்து ஒரு படம், இன்னும் பத்து அடி, இன்னொரு படம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிசாக வரும், அதனால் நிற்கவே மனம் வராது. ஆந்தை கண்ணை முழுசாகத் திறந்தது, உடம்பை நீட்டியது, முன்னுக்குச் சாய்ந்தது. எனக்கு நல்ல 'போஸ்' தருவது போலத்தான் பட்டது. அடுத்த நொடி எழும்பி, வயலைக் கடந்து கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

காருக்குத் திரும்பினோம். அப்பா சொன்னார், "எவ்வளவு தூரம் பறந்து களைச்சுப் போய் வந்து இருந்ததோ. நாங்கள் கலைச்சுப் போட்டம்."

அவர் காரை விட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் 'நாங்கள்' என்றார்.

"கலைக்கிறது எண்டா என்ன, அம்மப்பா?" என்று மகள் கேட்டாள். வேறு நேரமென்றால் அவள் ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டாள் என்று நான் சந்தோசப்பட்டிருப்பேன். அப்பா யோசித்துவிட்டு, "இருக்கிற இடத்தில இருக்க விடாமல் எழுப்பி விடுறது" என்றார். 1995 ஐப்பசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பி நடந்தபோது, அப்பம்மாவும் ஒரு பையோடு அதற்குள் நடந்தார். அப்பா இங்கே தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்த நாட்கள் அவை. அவர் அதை நினைத்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. வீடு வரைக்கும் காரில் ஒருவரும் கதைக்கவில்லை, மகளைத் தவிர.

பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்: நான் 'போஸ்' என்று நினைத்தது பயத்தின் அடையாளம். ஆறுதலாக இருக்கும் பனி ஆந்தை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உருண்டையாக, தூங்குமூஞ்சி மாதிரி இருக்கும். எழுப்பி விட்டால் வேட்டைக்கும் உடம்புச் சூட்டுக்கும் வைத்திருக்கும் சக்தி வீணாகப் போகும். 2017-இலிருந்து உலகச் சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாக இருக்கிற பறவை அது.

லென்ஸ் வாங்குகிற யோசனை அப்படித்தான் வந்தது. கணக்கு லேசு. 250-இல் 20 மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால் ஆந்தை எவ்வளவு பெரிசாக வருமோ, 600-இல் 48 மீற்றரில் நின்றாலே அவ்வளவு பெரிசாக வரும். நான் வாங்கப் போவது அந்த 28 மீற்றரைத்தான். கடையில் இதை இப்படிச் சொல்ல மாட்டார்கள், 'கிட்டக் கொண்டு வரும்' என்றுதான் சொல்லுவார்கள்.

கெனனின் 100-400 இரண்டாம் பதிப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அருமையான லென்ஸ், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆனால் வயல்வெளிக்கு 400 காணாது. காணாவிட்டால் என் கால் தானாக நடக்கத் தொடங்கும், என்னை எனக்குத் தெரியும். சிக்மா 150-600-இல் இரண்டு வகை உண்டு. 'ஸ்போர்ட்ஸ்' வகை கிட்டத்தட்ட மூன்று கிலோ. 'கன்ரெம்பரறி' இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கையில் பிள்ளையின் கையுறை, தண்ணிப் போத்தல், பிஸ்கற் என்று பிடித்துக்கொண்டு திரிகிற எங்களுக்கு மூன்று கிலோ சரிவராது.

புதிதாக மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரிவு கூட. சோனி 200-600, நிக்கோன் 180-600 இரண்டும் நல்லவை, இரண்டும் இரண்டு கிலோவுக்குக் கிட்ட. கெனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், பிள்ளையே தூக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் கஷ்டப்படுத்தும். உங்கள் கமராவின் சென்சர் சின்னதா என்றும் பாருங்கள். என்னுடையது சின்னது. அதில் 600 போட்டால் பெரிய சென்சரில் 960 போட்ட மாதிரி ஒடுங்கிய காட்சி. குறையென்று பலர் சொல்வது எனக்கு இந்த இடத்தில் லாபம்.

வாங்கின முதல் மாதம் எடுத்ததெல்லாம் மங்கல். லென்ஸ் பிழை என்று நினைத்தேன், பிழை என் கையில். அந்த நீளத்தில் இதயத் துடிப்பே படத்தை ஆட்டும். லென்ஸுக்குள் இருக்கும் நிலைப்படுத்தி என் கை ஆடுவதைச் சமாளிக்கும், பறவை தலையைத் திருப்புவதை அது நிறுத்தாது. அதனால் ஷட்டரை 1/1000-க்குக் கீழே அநேகமாக விடுவதில்லை, பறந்தால் 1/2000. ஐஎஸ்ஓ ஏறட்டும், புள்ளி விழுந்த படத்தை வைத்துப் பார்க்கலாம், ஆடின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பனியில் எடுக்கும்போது கமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கும், ஒரு ஸ்டொப் வெளிச்சம் கூட்டுங்கள்.

இன்னொன்று, 600-இல் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள், வானம்தான் தெரியும். 150-இல் பிடித்து, பிறகு நீட்டுங்கள். அல்கொன்குயின் பூங்காவில் வைகாசி மாதம் 60-ஆம் நெடுஞ்சாலையோரம் மூஸ் வரும். குளிர்காலத்தில் றோட்டுக்குப் போட்ட உப்பு கரைந்த தண்ணியைக் குடிக்க வருவது. 600-இல் எனக்கு மூக்கு மட்டும்தான் கிடைத்தது. 150-க்குச் சுருக்கின பிறகுதான் பக்கத்தில் கன்று நின்றதே தெரிந்தது.

இந்த லென்ஸுக்கு முடியாததும் உண்டு. விற்பியில் உள்ள லிண்ட் ஷோர்ஸில் சிக்கடிக் குருவிகள் கையில் வந்து விதை எடுக்கும். மகளின் உள்ளங்கையில் முதல்முறை ஒன்று வந்து இருந்தபோது நான் பக்கத்தில் இரண்டு கிலோவோடு நின்றேன். 2.8 மீற்றருக்குக் கிட்ட இருப்பது எதையும் இது பிடிக்காது. நான் பின்னுக்குப் பின்னுக்குப் போய்ப் பனிக்குள் விழுந்தேன். படம் இல்லை. அதை மகள் இப்பவும் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

போன குளிருக்கு அதே சிம்கோப் பக்கம் திரும்பப் போனோம். இந்த முறை காரை விட்டு ஒருவரும் இறங்குவதில்லை என்று புறப்படும்போதே பேச்சு. காரே நல்ல மறைவிடம், பறவைகள் ஆளைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்குக் காரைப் பார்த்துப் பயப்படாது. எஞ்சினையும் ஹீற்றரையும் நிறுத்த வேண்டும். சூட்டுக் காற்றும் குளிர்க் காற்றும் யன்னலில் கலந்தால் படம் கானல்நீர் மாதிரி நெளியும். லென்ஸை வைக்க அம்மா பழைய பருத்திச் சேலையில் தலையணை ஒன்று தைத்துத் தந்திருக்கிறா, உள்ளே இரண்டு கிலோ அரிசி. "சாப்பாட்டுச் சாமானை உதுக்கோ பாவிக்கிறது?" என்று பேசிப் பேசித்தான் தைத்தா.

மகள்தான் இருகண் நோக்கியால் கண்டுபிடித்தாள். நடு வயலில், பனிக்கட்டி மாதிரி. நாற்பது நிமிடம் இருந்தோம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் இருந்தது. படத்தில் ஆந்தை சின்னதுதான், சுற்றி வெள்ளை வயல். எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஒருவர் முக்காலியோடு இறங்கினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்து போய், இதுக்கு மேல் போகவேண்டாம் என்று பணிவாகச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார், ஆனால் போகவில்லை.

வீட்டுக்கு வந்தும் கமராப் பையை இரண்டு மணித்தியாலம் திறக்கவில்லை, குளிரில் இருந்து வந்த லென்ஸை உடனே வெளியில் எடுத்தால் வேர்த்துவிடும். பொறுமையில்லாமல் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் காத்திருந்தார். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு காருக்குள் இருந்து அவருக்கு அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கிறது. படத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன். கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"நாங்கள் வெளிக்கிடேக்கை இது அங்கதான் இருந்ததோ?"

"ஓம் அம்மப்பா," என்றாள் மகள். "நித்திரை."