லாஸ்பேட்டையில் ஏஐ பார்க்கும் வேலை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருத்தர், "கடை பெருசாகிக்கிட்டே போகுது அண்ணே, நமக்கும் ஏஐ போட்டுக் குடுங்க"ன்னார். எதுக்குன்னு கேட்டா பதில் இல்லை. எல்லாரும் போடறாங்களாம்!

உண்மையான தலைவலி வாட்ஸ்அப்பில் இருந்தது. "மோட்டார் ஓடுது, தண்ணி வரல, அசோக் நகர், சாயங்காலம் வாங்க" என்று ஒரே மூச்சில் வரும் புகார்களை நோட்டில் எழுதியே ஆபீஸ் பொண்ணுக்குப் பாதி நாள் போகும். ஆக, ஏஐக்கு அந்த ஒரு வேலைதான்: பேர், தெரு, கோளாறு, நேரம் என்று பிரித்து ஷீட்டில் போடுவது. ஆனா லாஸ்பேட்டையிலேயே இருக்கிற அசோக் நகரைப் பார்த்ததும் ஏஐ சென்னை என்று எழுதிவைத்தது. அதனால், அந்தப் பொண்ணு சரிபார்த்த பிறகே புகார் டெக்னீஷியனுக்குப் போகணும்னு வைத்தோம். அவங்களை எடுத்துட்டு ஏஐயை உட்கார வைக்கிற கதை இங்கே நடக்காது.

செலவு? ஏஐ எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக எண்ணித்தான் காசு கேட்கும்; அந்தக் கணக்கில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் பில். ஆனா 2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓவில் தமிழுக்கு முன்னைவிட 3.3 மடங்கு குறைவான டோக்கன் போதும் என்று ஓப்பன்ஏஐ மாதிரி வாக்கியத்தோடு காட்டியது. சின்னக் கடைக்கு அது பெரிய விஷயம்.

வாடிக்கையாளர் போன் நம்பரை மட்டும் ஏஐக்கு அனுப்பவில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னதும் தம்பி உடனே ஒத்துக்கொண்டார். அடுத்து பில்லிங்கும் வேணுமாம். ஜிஎஸ்டி கணக்கில் இப்போதைக்குக் கை வைக்க மாட்டேன்னுட்டேன்.